ஓடாத நம்பர்கள்: ரொறன்ரோவில் நின்றுபோன பஸ்களும் ஸ்ட்ரீட்கார்களும்

மிட்லண்ட்வாசி

போன கிழமை ஸ்காபரோ சென்டருக்குப் போயிருந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் கால் தன்பாட்டில் மேலே ஏறும் படிக்கட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. கிட்டப் போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. மேலே இனி ஒன்றும் வராது.

ஸ்காபரோ ஆர்.ரி.யைத்தான் சொல்கிறேன், தனிப்பாதையில் ஓடிய சின்ன ரயில். 1985 மார்ச்சில் தொடங்கியது, 2023 ஜூலை 24 பின்னேரம் எல்ஸ்மியர் நிலையத்துக்குக் கிட்ட கடைசிப் பெட்டி கழன்று தடம் புரண்டதோடு முடிந்தது. அந்த ஆண்டு நவம்பரில் எப்படியும் மூடுவதாக இருந்தார்கள். நாலு மாதம் முந்திவிட்டது. கடைசி நாள் என்று தெரிந்து ஒருதரம் ஏறிப் பார்க்கலாம் என்று மனதில் வைத்திருந்தவர்களில் நானும் ஒருவன்.

பதினெட்டு வருடம் மிட்லண்டில் ஏறி கென்னடியில் இறங்கியிருக்கிறேன். மொத்தமே ஆறு நிலையம். எல்ஸ்மியரில் யாராவது இறங்கினால் பெட்டியில் உள்ள சனம் திரும்பிப் பார்க்கும், அவ்வளவு அருமை. கடும் ஸ்நோ விழுந்தால் வண்டி வராது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் ஓர் அலுமினியத் தகடு ஓடும், அதற்கும் வண்டிக்கு அடியில் இருக்கும் மோட்டாருக்கும் இடையில் விரல் அகலம்கூட இருக்காது. அங்கே பனி இறுகினால் கதை சரி. காலையில் சன்னலைத் திறந்து ஸ்நோவின் உயரம் பார்த்துத்தான் எந்தச் சப்பாத்து என்று முடிவெடுப்பேன்: ஆர்.ரி. சப்பாத்தா, பஸ்ஸுக்கு நிற்கும் சப்பாத்தா என்று.

உங்களிடம் இருக்கும் கதைகளை இந்தத் திரியில் உங்கள் புனைபெயரில் எழுதுங்கள். நீங்கள் ஏறி, இன்றைக்கு இல்லாமல் போன பஸ், ஸ்ட்ரீட்கார் (தெருவில் ஓடும் ட்ராம்), எதுவானாலும் சரி. கால அட்டவணை வேண்டாம், அது தேடினால் கிடைக்கும்.

இரண்டு ரொக்கெட்

நான் யோர்க் பல்கலைக்கழகத்தில் படித்தது 2010 முதல் 2014 வரை. ஸ்காபரோ சென்டரில் 190 ரொக்கெட் பஸ், டொன் மில்ஸில் இறங்கி ஷெப்பர்ட் சுரங்க ரயில், யங்கில் இறங்கி 196 ரொக்கெட். இடையில் நிறுத்தம் குறைவு என்பதால் அந்தப் பெயர். இன்றைக்கு அந்த இரண்டு எண்ணுமே இல்லை. 190 போன வழியில் 985 ஓடுகிறது. 2017 டிசம்பரில் சுரங்க ரயில் கம்பஸுக்குள்ளேயே போனதும் 196க்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

முதல் வருடம் ஒருநாள் பிந்திவிட்டது. வீட்டுக்குப் போன் எடுத்து, "ரொக்கெட்டில வந்துகொண்டிருக்கிறன்" என்றேன். அம்மம்மாதான் எடுத்தவ. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, "எங்க விழுந்தது?" என்று கேட்டா. வன்னியில் இருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத மனுசி. அதற்குப் பிறகு நான் வீட்டில் நம்பர்தான் சொல்வது. "நூற்றித் தொண்ணூறு வந்திட்டுது, ஏறிட்டன்."

பரீட்சைக் காலத்தில் 196 வரிசை இரண்டாகப் பிரியும். எப்படியாவது ஏறினால் போதும் என்பவர்கள் ஒரு பக்கம், அடுத்த பஸ் வரை நின்று இருக்கை பிடித்துப் படிக்க நினைப்பவர்கள் மற்றப் பக்கம். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. செப்டம்பரில் தெரியாமல் நிற்கும் முதலாம் வருடப் பிள்ளைகள், ஒக்டோபரில் சரியான பக்கத்தில் நிற்பார்கள். என் தம்பி அதே கம்பஸில் படித்தான். சுரங்க ரயிலில் போய் இறங்கினான். இந்த வரிசையைப் பற்றிச் சொன்னால், "ஏன், ரெயினில போயிருக்கலாமே" என்கிறான்.

பிங்கம் வளைவு

502 ஸ்ட்ரீட்கார். கிங்ஸ்டன் வீதியில் விக்டோரியா பார்க் மூலையில் ஏறினால் குயீன் வழியாக நகரத்துக்குள் கொண்டுபோய் விடும். இப்போது 503 மட்டும்தான், அது கிங் வீதியால் போகும். ஒரு தெரு தள்ளி நடந்தால் ஆயிற்று, பெரிய விசயமில்லை என்பார்கள். முழங்கால் நோகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இருப்புப்பாதை அண்ணை

நான் இருபத்தொரு வருடம் ஸ்ட்ரீட்கார் ஓட்டியவன். இந்தத் திரியைக் கண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நான் ஓட்டியது பெரும்பாலும் 501, குயீன். கிழக்கே நெவில் பார்க்கில் இருந்து மேற்கே லோங் பிராஞ்ச் வரை, ஏறக்குறைய 24 கிலோமீட்டர். முந்தி இது இரண்டு வழித்தடமாக இருந்தது. மேற்கு முனைப் பகுதி 507. 1995இல் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஒரே வண்டியில் நகரத்தின் ஒரு கரையில் இருந்து மறு கரைக்கு. ஓட்டுகிறவனுக்குத்தான் தெரியும். யங் வீதியில் ஒரு லொறி குறுக்கே நின்றால், லோங் பிராஞ்சில் நிற்கும் கிழவிக்கு முக்கால் மணி நேரம் வண்டி இல்லை. பிந்தினால் பாதி வழியில் திருப்பச் சொல்லி ரேடியோவில் வரும். எல்லாரையும் இறக்கிவிட வேண்டும். திட்டு முழுவதும் எனக்கு. எண் செத்துப் போனது என்று நினைத்தோம், 507 சமீபத்தில் திரும்பவும் வந்துவிட்டது. அதையும் பார்த்தாயிற்று.

நான் ஓட்டிய பழைய வண்டி, சி.எல்.ஆர்.வி. என்பது. 196 வண்டிகள். முதன்முதலில் 1979இல் ஓடவிட்டது அந்த 507இல்தான். மூன்று படி ஏற வேண்டும், உயரமான படி. நடுக்கதவு தானாகத் திறக்காது, கீழ்ப்படியில் காலை வைத்து அழுத்த வேண்டும். புதிதாக வந்த எங்கள் ஆட்களுக்கு இது பிடிபடாது. கதவுக்கு முன்னால் மரியாதையாக நிற்பார்கள், யாரோ திறந்துவிடுவார்கள் என்று. பின்னால் நிற்கிற சனம் "ஸ்டெப் டவுன்! ஸ்டெப் டவுன்!" என்று கத்தும். கத்தக் கத்த இவர்கள் இன்னும் பின்னுக்குப் போவார்கள். ஒருநாள் பொறுக்க முடியாமல் மைக்கைப் பிடித்து, "அக்கா, படியில காலை வையுங்கோ" என்று தமிழில் சொன்னேன். வண்டியில் இருந்த ஐந்தாறு பேர் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அதுவரை அவர்களில் ஒருவர் தமிழ் என்றும் எனக்குத் தெரியாது.

தண்டவாளம் பிரியும் இடத்தில் தானியங்கி வேலை செய்யாவிட்டால், சாரதிதான் இறங்க வேண்டும். கையில் ஒரு நீள இரும்புக் கம்பி. அதைச் சந்தில் விட்டு நெம்பினால் நாக்கு அடுத்த பக்கம் போகும். மைனஸ் இருபதில், சுற்றிவரக் கார்கள் ஹோர்ன் அடிக்க, ஒரு பொம்பிளை சன்னலால் எட்டிப் பார்த்து "வண்டி பழுதோ?" என்று கேட்க, நடுத்தெருவில் நின்று நெம்பியிருக்கிறேன். சறுக்கும் நாளில் சில்லுக்கு முன்னால் மண் கொட்டுவோம், அதற்கென்று வண்டிக்குள்ளேயே மண் பெட்டி உண்டு. இருக்கைக்கு அடியில் மண் இருக்கிறது என்று சொன்னால் ஆட்கள் நம்பமாட்டார்கள்.

கடைசி வண்டிகள் 2019 டிசம்பர் 29ஆம் திகதி குயீனில் ஓடின. நான் அன்றைக்கு வேலையில் இல்லை, காசு கேட்காமல் ஏற்றினார்கள், ஏறினேன். இறங்கும்போது ஒரு பெடியன் கதவுக்கு முன்னால் நின்று பொத்தானைத் தேடினான்.

கோட்டை–கிராண்ட்பாஸ்

அண்ணை எழுதியதை வாசித்ததும் அப்பா ஞாபகம் வந்தார்.

அப்பா 1991இல் வந்தவர். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை மாமா எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார், யூனியன் நிலையத்தில் இருந்து 604 ஸ்ட்ரீட்காரில். அது திறந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது, ஆனால் ஓடவிட்டது பி.சி.சி. என்ற பழைய ரக ஸ்ட்ரீட்கார்களை, புதுப்பித்து. வட்ட விளக்கு, வளைந்த முகம். அப்பா ஏறவில்லை. நடைமேடையில் நின்று மேலே கம்பியைப் பார்த்துக்கொண்டே நின்றார். "இது கொழும்பில ஓடினதல்லோ. கோட்டையில ஏறி கிராண்ட்பாஸ் போறது. அறுபதில நிப்பாட்டிப்போட்டாங்கள்" என்றார். மாமா, "அத்தான், அது வேற, இது வேற, ஏறுங்கோ" என்று கையைப் பிடித்து இழுத்தார்.

வண்டி ஓடத் தொடங்கியதும் அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை என்று நினைத்தேன். இறங்கும்போது, "சத்தம் அதேதான்" என்றார்.

அந்த 604 என்ற எண் இப்போது இல்லை. அதே கரையில் இன்றைக்கு 509 ஓடுகிறது.

பழைய வரைபடம்

கொஞ்சம் கணக்கும் சேர்க்கிறேன், மிட்லண்ட்வாசி கோபிக்க வேண்டாம்.

1966இல் புளோர்–டான்ஃபோர்த் சுரங்க ரயில் வந்தபோது அந்தத் தெருவின் ஸ்ட்ரீட்கார் போனது, கூடவே பார்லிமென்ட், ஹார்போர்ட் என்று இன்னும் சில. 1980க்குள் நகரத்தில் ஒரு ஸ்ட்ரீட்காரும் இருக்காது என்பதுதான் அப்போதைய திட்டம். 1972 நவம்பரில் அது தலைகீழானது. ஸ்ட்ரீட்கார்ஸ் ஃபோர் ரொறன்ரோ என்று ஒரு சிறு குடிமக்கள் குழு வாதாடி முடிவை மாற்ற வைத்தது. வட அமெரிக்காவில் எத்தனையோ நகரங்கள் பிடுங்கி எறிந்ததை இங்கே நாம் இன்னும் பார்ப்பது அதனால்தான். அப்படி முடிவு மாறிய பிறகும் ரொஜர்ஸ் வீதி 1974இல் போனது, மவுண்ட் பிளசண்ட் 1976இல் போனது.

எனக்குப் பிடித்த கதை ஸ்படைனா. அங்கே ஸ்ட்ரீட்கார் 1948இல் நின்றது. அதன் பிறகு பஸ், 77. 1997இல் 77ஐ எடுத்துவிட்டு மறுபடியும் ஸ்ட்ரீட்கார், 510. நின்றுபோன பஸ் என்று யாராவது 77க்காக அழுதால், தண்டவாளம் 49 வருடம் காத்திருந்ததைச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஸ்காபரோ ஆர்.ரி.யே முதலில் ஸ்ட்ரீட்கார் பாதையாகத்தான் திட்டமிடப்பட்டது. பிறகுதான் மாகாண அரசு புதுத் தொழில்நுட்பம் என்று சொல்லி மாற்ற வைத்தது. ஸ்ட்ரீட்காராகவே விட்டிருந்தால் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கும் என்பது என் எண்ணம். மிட்லண்ட்வாசிக்கு இரண்டு சோடிச் சப்பாத்து தேவைப்பட்டிருக்காது.

கோப்பை கழுவின காலம்

ரொஜர்ஸ் வீதி என்றதும் வந்தேன். நான் 1989இல் வந்தவன். அப்போது அந்த வீதியால் 63 ஒசிங்டன் ஓடும். பஸ்தான், ஆனால் தலையில் இரண்டு கம்பு, மேலே கம்பியில் இருந்து மின்சாரம். ட்ரொலி பஸ்.

இரவு இரண்டாம் ஷிப்ட் முடிந்து சாப்பாட்டுக் கடையில் இருந்து வருவேன், கையெல்லாம் சவர்க்கார நெடி. நிறுத்தத்தில் நின்றபடியே தூங்கிவிடுவேன். சாதாரணப் பஸ் என்றால் இரைச்சல் எழுப்பிவிடும். இது வந்து நிற்கும், சத்தமே இருக்காது, கதவு திறந்து சாரதி கூப்பிடுவார். இரண்டு தடவை கூப்பிடாமல் போய்விட்டார்கள், அது என் பிழைதான். வளைவில் சில நேரம் கம்பு கம்பியை விட்டுக் கழன்று துள்ளும், நீலப் பொறி பறக்கும், உள்ளே விளக்கு அணையும். சாரதி இறங்கிப் பின்னால் போய்க் கயிற்றை இழுத்துப் பொருத்துவார். அந்த இரண்டு நிமிட இருட்டில் ஒருவரும் ஒன்றும் பேசமாட்டார்கள். எனக்கு அது பிடிக்கும். வேலையும் இல்லை, வீடும் இல்லை.

1993க்குப் பிறகு நகரத்தில் ட்ரொலி பஸ் எதுவும் இல்லை. அந்த வீதி முதலில் ஸ்ட்ரீட்காரை இழந்தது, பிறகு இதையும். 63 எண் இருக்கிறது, டீசல் வாசத்தோடு.

மிட்லண்ட்வாசி

சப்பாத்துக்கு இப்படி அடி விழும் என்று எதிர்பார்க்கவில்லை.

பழைய வண்டிகளில் ஏற ஆசைப்படுகிறவர்களுக்கு: ரொக்வூட்டுக்குக் கிட்ட ஹால்டன் கவுண்டி ரேடியல் ரயில்வே அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகளோடு போனேன். மரத்துக்குள்ளால் தண்டவாளம் போட்டு உண்மையாகவே ஓட்டுகிறார்கள். ரொறன்ரோவின் தண்டவாள அகலம் 1,495 மில்லிமீட்டர், சாதாரண ரயிலைவிட 60 மில்லிமீட்டர் கூட. அங்கேயும் அதே அகலத்தில்தான் பாதை, இல்லாவிட்டால் எங்கள் வண்டிகள் ஓடாது.

வீட்டில் லாச்சியைக் கிளறியபோது பஸ் காசுக்குப் பதிலாகப் போடும் டோக்கன் ஏழு கிடைத்தது. 2025 ஜூன் முதல் அதையும் வாங்குவதில்லை. சரி, அது கிடக்கட்டும்.

அண்ணை, ஒரு கேள்வி. தண்டவாளம் நெம்பும் அந்த இரும்புக் கம்பி, வேலை விட்டு வரும்போது உங்களிடமே விட்டார்களா?

இருப்புப்பாதை அண்ணை

இல்லைத் தம்பி. அது வண்டிக்குரியது, வண்டியோடு விட்டுவிட்டு வந்தேன். கையுறை என்னுடையது. வலது கை உள்ளங்கையில் குறுக்கே ஒரு கறுத்த கோடு இருக்கிறது. மனுசி மூன்று தடவை தோய்த்துப் பார்த்துவிட்டா.