ஹாரி பாட்டர் ஏழாம் நூல்: கதை உண்மையில் எந்த இடத்தில் முடிகிறது?

தேன்சிட்டு கேட்டது:

ஹாரி பாட்டர் வரிசையின் கடைசி நூலான ‘டெத்லி ஹாலோஸ்’ குறித்து ஒரு சந்தேகம். முடிவு முழுவதையும் பேசாமல் இதைக் கேட்க முடியாது. ஆகவே இன்னும் படிக்காதவர்கள் படித்து முடித்த பிறகு இந்தப் பக்கம் வருவது நல்லது.

2007 ஜூலை 21 அன்று இந்த நூல் வெளிவந்தபோது நான் வாசிக்கும் வயதில் இல்லை. ஏழு நூல்களையும் அண்மையில்தான் ஒன்றன்பின் ஒன்றாகப் படித்து முடித்தேன். முப்பத்தாறாம் அத்தியாயத்தின் இறுதியில் போர் முடிந்து, ஹாரி தலைமையாசிரியர் அறையில் மறைந்த டம்பிள்டோரின் ஓவியத்தோடு பேசிவிட்டு, உடைந்து கிடந்த தன் பழைய மந்திரக்கோலை எல்லாவற்றிலும் வலிமை மிக்க எல்டர் மந்திரக்கோலால் ஒட்டவைத்துக்கொள்கிறான். அதன்பின் அவன் நினைப்பதெல்லாம் தன் படுக்கையையும், வீட்டு ஏவல் குட்டிப்பூதமான கிரீச்சர் அங்கே ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருமா என்பதையும்தான். வாழ்நாளுக்குப் போதுமான தொல்லையை அனுபவித்தாகிவிட்டது என்று அவன் சொல்வதோடு அத்தியாயம் நிற்கிறது. அந்த இடத்தில் நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு நிறைவாக இருந்தது.

பிறகுதான் இன்னும் சில பக்கங்கள் இருப்பதைக் கண்டேன். ‘பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின்’ என்ற தலைப்பில் ஒரு பின்கதை. யார் யாரை மணந்தார்கள், குழந்தைகளின் பெயர்கள் என்ன, யாருக்கு முடி கொட்டத் தொடங்கியிருக்கிறது என்று திருமண வீட்டில் உறவினர்களை அறிமுகப்படுத்துவது போல எல்லாம் வரிசையாக வந்தன. அதைப் படித்ததும் முதலில் இருந்த நிறைவு கலைந்துபோயிற்று. எல்லாம் நலமாக இருந்தது என்ற பொருளில் வரும் கடைசி வாக்கியம் எனக்கு வெறுமையையே தந்தது. முன்பே படித்தவர்களுக்கும் இப்படித் தோன்றியதா, அல்லது நான் எதையாவது சரியாகக் கவனிக்காமல் விட்டுவிட்டேனா?

பழம்புத்தகம் எழுதியது:

வெளிவந்த வாரத்திலேயே படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தப் பின்கதையைப் பற்றிய கசப்பில் பாதி, நாங்கள் அதைப் படித்த விதத்தால் வந்தது. ஆறாம் நூல் 2005இல் முடிந்தபோது டம்பிள்டோரைக் கொன்ற ஆசிரியர் ஸ்னேப் நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியோடு எங்களை விட்டுவிட்டார்கள். அதன்பின் இரண்டு ஆண்டுகள் வாசகர்கள் வேறெதையும் பேசவில்லை. வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பே பக்கங்களின் படங்கள் இணையத்தில் கசிந்துவிட்டதால், யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்களோ என்ற அச்சம் எல்லோருக்கும் இருந்தது. அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்ற நூல் அது. வாங்கியவர்களில் பெரும்பாலோர் படித்தார்கள் என்பதைவிட ஓடினார்கள் என்பதே சரி. யார் இறக்கிறார்கள், யார் பிழைக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே 607 பக்கங்களைக் கடந்தவன் பின்கதைக்கு வந்து சேர்ந்தால், அதுவும் ஒரு பெயர்ப்பட்டியலாகத்தான் தெரியும். எனக்கும் அன்று அப்படித்தான் தெரிந்தது.

நிதானமாகப் படித்த உங்களுக்கும் அப்படியே தோன்றியிருப்பதால் இந்த விளக்கம் முழுமையானதன்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஒரு காட்சியை மட்டும் திரும்பப் பாருங்கள். முதல் நூலில் ஹாரி ஒன்பதே முக்காலாம் நடைமேடையைத் தேடி வரும்போது, அவனைக் கொண்டுவந்து விட்டவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுகிறார்கள். வழி சொல்வதற்கு முன்பின் அறியாத ஒரு பெண்மணிதான் கிடைக்கிறார். பின்கதையில் அதே நடைமேடையில், தான் பள்ளியில் பெயர் கெட்ட ஸ்லிதரின் இல்லத்துக்கு அனுப்பப்பட்டுவிடுவோமோ என்று பயந்து நிற்கும் மகனின் முன்னால் ஹாரி குந்தி உட்காருகிறான். மகனின் முகம் தன் முகத்தைவிடச் சற்று உயரத்தில் இருக்கும்படி உட்காருகிறான் என்று நூலாசிரியர் ரவுலிங் எழுதுகிறார். டம்பிள்டோர் எத்தனையோ முறை ஹாரியிடம் பேசியிருக்கிறார், ஆனால் ஒருமுறைகூட இப்படிக் கீழே இறங்கி உட்கார்ந்து பேசியதில்லை. வழியனுப்ப ஆளில்லாமல் வந்த பையன் வழியனுப்புகிறவனாகும் இந்த இடம் இல்லாமல் கதை முடிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. மற்றபடி, ஹாரியின் நண்பன் ரான் ஓட்டுநர் தேர்வில் தேர்வாளரையே மந்திரத்தால் குழப்பிவிட்டதை ஒப்புக்கொள்ளும் துணுக்கு எனக்குப் பிடிக்கும். அதை நீக்கச் சொன்னால் மறுப்பேன்.

நெடுஞ்சாலை எழுதியது:

பழம்புத்தகம் ஐயா சுட்டும் அந்தக் காட்சி நல்ல காட்சிதான். ஆனால் தேன்சிட்டு உணர்ந்த வெறுமைக்குக் காரணம் பின்கதையில் இருப்பது அன்று, அதற்கு முன்னால் இல்லாமல் போனது என்றே நான் நினைக்கிறேன். இந்த நூல் துக்கத்தை எழுதத் தெரியாமல் எழுதிய நூல் அன்று. ஹாரியைக் காப்பாற்ற வந்த ஏவல் குட்டிப்பூதம் டாபி இறந்தபின் வரும் பக்கங்களை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். மந்திரத்தால் ஒரு நொடியில் தோண்டிவிடக்கூடிய குழியை ஹாரி மண்வெட்டி எடுத்துத் தன் கையால் தோண்டுகிறான். வேர்வையையும் கையில் எழும் கொப்புளங்களையும் அவன் பொருட்படுத்துவதில்லை. ரானும் டீனும் வந்து பேசாமல் உடன் தோண்டுகிறார்கள். மரணத்தை வெல்ல உதவுமென்ற மூன்று மந்திரப் பொருட்களான ஹாலோஸைத் தேடுவதா, எதிரி வால்டெமோர்ட் தன் ஆன்மாவின் துண்டுகளை ஒளித்துவைத்த ஹார்க்ரக்ஸ்களைத் தேடுவதா என்று பல அத்தியாயங்களாக அவனை அலைக்கழித்த கேள்விக்கு அந்தக் குழிக்குள்தான் விடை கிடைக்கிறது. முழு நூலிலும் கதை திரும்பும் இடம் அதுவே. துக்கம் ஒரு மனிதனை எப்படித் தெளிய வைக்கிறது என்பதை இவ்வளவு அடக்கமாகச் சொன்ன பக்கங்கள் இளையோர் நூல்களில் குறைவு.

அதே எழுத்தாளர் ஹாரியின் பழைய ஆசிரியர் லூப்பினுக்கும் அவர் மனைவி டோங்க்ஸுக்கும் என்ன செய்தார்? அவர்கள் இறந்ததை நாம் பார்ப்பதில்லை. பெருங்கூடத்தில் கிடத்தப்பட்டிருக்கும் உடல்களாக, உறங்குவது போல, ஒரே வாக்கியத்தில் அவர்கள் வந்து போகிறார்கள். ஐந்தாம் நூலில் ரானின் தந்தை ஆர்தர் வீஸ்லி இறப்பதாகத் திட்டமிட்டுப் பின்னர் அவரைப் பிழைக்க வைத்ததாகவும், அதற்கு ஈடாகத்தான் இந்த இருவரின் மரணம் வந்ததாகவும் ரவுலிங்கே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கணக்கு நேர்செய்யப்பட்டது போன்ற உணர்வு அந்தப் பக்கத்தில் எனக்கு முன்பே இருந்தது. அதைக் கேட்டபின் உறுதியாயிற்று. அவர்களுடைய மகன் டெடி பின்கதையில் எட்டிப் பார்க்கிறான், வாரத்தில் நான்கு நாள் இரவு உணவுக்கு ஹாரியின் வீட்டுக்கு வருகிறான் என்று தெரிகிறது. பெற்றோரை இழந்த ஒரு குழந்தை, தன்னைப் போலவே பெற்றோரை இழந்தவனின் அன்பில் வளர்ந்த கதை அது; நமக்குக் கிடைப்பதோ ஒரு பேச்சுவாக்கில் வரும் தகவல் மட்டுமே. போரில் ஃபிரெட்டை இழந்த, ரானின் இரட்டை அண்ணன்களில் மற்றவனான ஜார்ஜ் பின்கதையில் இடம்பெறவே இல்லை. அவன் தன் மகனுக்கு ஃபிரெட் என்று பெயரிட்டான் என்பதைக்கூட நூலுக்கு வெளியே ரவுலிங் சொல்லித்தான் அறிந்தோம்.

போர் முடிந்த காலைக்கும் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பிந்தைய காலைக்கும் இடையில் இறந்தவர்களை அடக்கம் செய்யும் ஒரே ஓர் அத்தியாயம் இருந்திருந்தால், எல்லாம் நலம் என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை நான் நம்பியிருப்பேன்.

வெண்பா எழுதியது:

சுருக்கமாக ஒரு குறை. பின்கதையைவிட என்னைச் சோதித்தது இறுதி மோதல்தான். டம்பிள்டோரின் கையிலிருந்து மந்திரக்கோலைத் தட்டிவிட்டவன் ஹாரியின் சக மாணவன் டிராகோ, டிராகோவின் மந்திரக்கோலைப் பறித்தவன் ஹாரி, ஆகவே எல்டர் மந்திரக்கோலின் உண்மையான உரிமையாளன் ஹாரியே என்று வால்டெமோர்ட்டைச் சுற்றி நடந்தபடியே அவன் விளக்குவது, சொத்து வழக்கில் வழக்கறிஞர் மூலப்பத்திரத்தை வாசித்துக் காட்டுவது போல இருக்கிறது. தர்க்கத்தில் பிழையில்லை; மந்திரக்கோல் செய்யும் ஆலிவாண்டர் முன்பே அதற்கு அடித்தளம் போட்டுவிட்டார் என்பதும் தெரியும். ஆனால் சாகத் துணிந்து காட்டுக்குள் நடந்துபோன முப்பத்து நான்காம் அத்தியாயத்துக்குப் பிறகு, வெற்றி ஓர் உரிமைச் சட்ட நுணுக்கத்தில் வந்து நின்றது எனக்கு உவப்பாக இல்லை. அந்த நடையே போதும். அதற்கு மேல் எழுதப்பட்டதெல்லாம் எனக்கு உபரி.

மழைக்கால வாசகி எழுதியது:

பின்கதை வேண்டுமா வேண்டாமா என்பது இந்த நூலோடு தொடங்கிய வழக்கன்று. டோல்கீன் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலுக்கு இதே போன்ற ஒரு பின்கதையை எழுதிவைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்து நாயகனின் தோழன் சாம் தன் பிள்ளைகளோடு உட்கார்ந்து, இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லும் காட்சி அது. படித்துப் பார்த்தவர்களுக்குப் பிடிக்காததால் அதை நீக்கிவிட்டார். கையெழுத்துப் படிகளிலிருந்து அது அச்சுக்கு வந்தது 1992இல்தான். நீக்கியதால் நமக்குக் கிடைத்த முடிவு, சாம் வீடு திரும்பித் தான் வந்துவிட்டதாகச் சொல்லும் ஒற்றை வரி. நம் பக்கத்தில் நடந்ததோ இதற்கு நேர்மாறு. 1954இல் ‘பொன்னியின் செல்வன்’ தொடர் நிறைவடைந்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதென்று வாசகர்கள் குறைப்பட்டுக் கேள்விகள் அனுப்ப, கல்கி தனியே ஒரு முடிவுரை எழுதி விடையளிக்க வேண்டியிருந்தது. ஆகவே எழுதினாலும் வசை, எழுதாவிட்டாலும் வசை. ரவுலிங் பின்கதை எழுதியும், ஹாரி என்ன வேலை பார்க்கிறான் என்பது அதில் இல்லாததால், நூல் வெளிவந்த சில நாட்களிலேயே நேர்காணல்களில் அதையும் சொல்ல நேர்ந்தது.

என் மனத்தாங்கல் வேறொன்று. ஹாரி தன் மகனுக்கு டம்பிள்டோர், ஸ்னேப் இருவரின் முதற்பெயர்களையும் சேர்த்து ஆல்பஸ் செவரஸ் என்று பெயரிட்டிருக்கிறான். முதல்முறை படித்தபோது, ஸ்னேப்பின் நினைவுகள் விரியும் முப்பத்து மூன்றாம் அத்தியாயத்தில் நான் அழுதேன்; அந்தப் பெயர் வந்தபோது மீண்டும் அழுதேன். சில ஆண்டுகள் மாணவர்களோடு பழகிய பிறகு இரண்டாம் முறை படித்தபோது கண்ணில் நீர் வரவில்லை. மூன்றாம் நூலில் ஹாரியின் சக மாணவன் நெவிலுக்கு உலகத்திலேயே எதைக் கண்டால் பயம் என்று சோதிக்கும்போது அலமாரியிலிருந்து வெளிவருவது ஸ்னேப்பின் உருவம் என்பதை மறக்க முடியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் ஆசிரியர்தான் பேய். ஸ்னேப்பின் துணிவை நான் மறுக்கவில்லை; துணிவும் கனிவும் வேறு வேறு, நூல் அவற்றை ஒன்றாகக் குழைத்துவிட்டது. அதே பின்கதையில் நெவில் மூலிகையியல் பேராசிரியராக இருக்கிறான், பிள்ளைகள் அவனைக் கண்டு பயப்படவில்லை, அவனிடம் அன்பைத் தெரிவிக்கும்படி வீட்டிலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். எனக்கு அந்தப் பக்கங்களில் நிறைவு தருவது இந்த ஓர் இடம்தான், ஒருவேளை ரவுலிங்கும் அறிந்தே இதை வைத்திருக்கலாம்.

பழம்புத்தகம் எழுதியது:

நெவில் பற்றிச் சொன்னது எனக்குத் தோன்றாத கோணம், ஏற்கிறேன். ஆனால் பெயரைப் பொறுத்தவரை ஒன்று: ஹாரி அதை ஊரறியச் சொல்வதில்லை. மனைவி ஜின்னிக்கு மட்டுமே கேட்கும் அளவுக்குக் குரலைத் தாழ்த்திச் சொல்கிறான். அவளும் கேளாதது போல ரயிலில் இருக்கும் ரானின் மகள் ரோஸைப் பார்த்துக் கையசைக்கிறாள். ஸ்னேப்பை எல்லோரும் மன்னிக்க வேண்டும் என்ற அறிவிப்பாக அது எனக்குப் படவில்லை. ஒரு தகப்பன், பயந்துபோன தன் மகனுக்கு அந்த நேரத்தில் தேவைப்பட்டதைச் சொல்கிறான், அவ்வளவே.

தேன்சிட்டு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நெடுஞ்சாலை சொன்னதைப் படித்ததும் முதலில் டாபியின் குழி தோண்டும் பக்கங்களையும், உடனே அடுத்துப் பின்கதையையும் திறந்து மறுபடி படித்தேன். ஜார்ஜ் இல்லாதது இப்போது முன்பைவிட உறுத்துகிறது. அதற்கு யாரும் சமாதானம் சொல்ல வேண்டாம்.

ஆனால் முதல்முறை நான் கவனிக்காமல் கடந்த ஓர் அசைவு கண்ணில் பட்டது. இந்த நூலின் கடைசிச் சொல் ‘தழும்பு’ என்றுதான் இருக்கும் என்று ரவுலிங் நெடுங்காலம் சொல்லி வந்து, பிறகு மாற்றிவிட்டார் என்பதை எங்கோ படித்திருந்தேன். அதனால் தழும்பு வரும் இடத்தை மட்டும் மெதுவாகப் படித்தேன். பத்தொன்பது ஆண்டுகளாக அது வலித்ததில்லை என்ற வாக்கியம்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதற்குச் சற்று முன்னால், ரயில் வளைவில் திரும்பி மறைந்த பிறகு, மகனுக்கு ஒன்றும் ஆகாது என்று ஜின்னி மெல்லச் சொல்லும்போது, வழியனுப்ப உயர்த்திய கையை ஹாரி இறக்குகிறான். அந்தக் கை அவனை அறியாமலே நெற்றிக்குப் போய்த் தழும்பைத் தொடுகிறது. வலிக்காத இடத்தை இத்தனை ஆண்டுகள் கழித்தும் கை எதற்காகத் தேடிப் போகிறது என்பதை அவர் விளக்கவில்லை.