மைமாஸைப் படம் பிடிக்க வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் சனியின் நிலவுகளைப் படமெடுத்து வருகிறேன். டைட்டன், ரியா, டெத்திஸ், டையோனி நான்கும் சுலபமாகக் கிடைத்துவிட்டன. போன வாரம் வளையத்துக்குச் சற்றுத் தள்ளி ஊசிமுனை அளவில் ஒரு புள்ளி. நிலவுகளின் இருப்பிடத்தோடு ஒப்பிட்டால், என்செலடஸ்! 1789இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட நிலவு. அன்றிரவு தூக்கமே வரவில்லை.

அதே ஆண்டு அவர் கண்ட மைமாஸ்தான் இன்னும் சிக்கவில்லை. ஒளியளவு 13க்குப் பக்கம் (இந்த எண் கூடக் கூட மங்கல்). சனியை ஒட்டியே சுற்றுவதால் வளையத்தைவிட்டு அதிகம் விலகுவதுமில்லை. எக்ஸ்போஷரைக் கூட்டினால் வளையத்தின் வெளிச்சம் வழிந்து அதை விழுங்கிவிடுகிறது. குறைத்தால் புள்ளியே இல்லை.

யாராவது சனியை மெல்லிய பட்டையால் மறைத்து எடுத்திருக்கிறீர்களா? பட்டையை எங்கே பொருத்தினீர்கள்? அப்புறம், ஒரு பிரேமுக்கு எத்தனை நொடி வைத்தீர்கள்?