சின்கோபிக்கு ஒரு தமிழ்ச்சொல் (வெள்ளிக்கிழமைக்குள்!)

மொழிபெயர்ப்பாளர், கோவை (செவ்வாய் காலை)

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளி ஆசிரியர்களுக்கான முதலுதவிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தீக்காயம், பாம்புக்கடி, எலும்பு முறிவு எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன. சின்கோபி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து, ஆள் நினைவிழந்து, கொஞ்ச நேரத்தில் தானாகவே முழுதாகத் தெளிவது. மூன்றும் சேர்ந்தால்தான் சின்கோபி.

'மயக்கம்' என்று போட்டு முடித்திருப்பேன். ஆனால் அதே கையேட்டில் தலைசுற்றலும் மயக்கம், சர்க்கரை குறைந்து விழுந்து கிடப்பதும் மயக்கம், அறுவை சிகிச்சைக்கு முன் கொடுப்பதும் மயக்க மருந்து. வலிப்புக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது, அதோடும் குழம்பக்கூடாது. என்ன போடலாம்?


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் (செவ்வாய் மதியம்)

அருமையான கேள்வி. சின்கோபி கிரேக்கச் சொல். அதற்குள் இருப்பது 'வெட்டு' என்னும் வினை. இதே சொல்லை மேலைநாட்டு இலக்கணக்காரர்கள் ஒரு சொல்லின் நடுவில் ஒலி கெடுவதற்கும் வைத்திருக்கிறார்கள். நமக்கு அது புதிதா? நன்னூல் சொல்லும் செய்யுள் விகாரங்களில் இடைக்குறை ஒன்று. தாமரை 'மரை' ஆனால் முதற்குறை, ஓந்தி 'ஓதி' ஆனால் இடைக்குறை, நீலம் 'நீல்' ஆனால் கடைக்குறை.

நினைவு என்னும் தொடர்ச்சியில் நடுவே ஒரு துண்டு கெட்டு, முன்னும் பின்னும் அப்படியே நிற்பதுதானே இந்த நிலை? ஆகவே 'நினைவிடைக்குறை'. கிரேக்கன் ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தான், நாமும் வைப்போம். திரும்பாத நினைவிழப்பைக் கடைக்குறை என்றே சொல்லிவிடலாம். இரண்டு கலைச்சொல் ஒரே கல்லில்.


செவிலியர் கல்லூரிப் பயிற்றுநர், மதுரை (செவ்வாய் மாலை)

ஐயா, ரசித்துப் படித்தேன். ஆனால் காலைப் பிரார்த்தனையில் ஒரு பிள்ளை விழுந்தால் பி.டி. மாஸ்டர் 'நினைவிடைக்குறை' எந்தப் பக்கம் என்று தேடமாட்டார்.

வார்டில் நாங்கள் கேட்பதைச் சொல்கிறேன். 'மயக்கமா இருக்கு' என்றால் தலைசுற்றல் அல்லது சோர்வு. 'மயக்கம் வர்ற மாதிரி இருக்கு, கண்ணைக் கட்டுது' என்றால் விழப்போகிறார், பிடி. 'மயக்கம் போட்டு விழுந்துட்டான்' என்றால் அதுதான் நம் சின்கோபி. 'மயங்கிக் கிடக்கிறார்' என்றால் இன்னும் எழவில்லை, ஆளைக் கூப்பிடு. பெயர்ச்சொல் ஒன்றுதான், வினை நாலு. நம் ஜனங்கள் வித்தியாசத்தை வினையில் வைத்திருக்கிறார்கள். நாம்தான் வினையை வெட்டிவிட்டு வெறும் பெயர்ச்சொல்லை வைத்துக்கொண்டு தவிக்கிறோம்.


தனித்தமிழ் அன்பர், சேலம் (செவ்வாய் இரவு)

யாராவது 'மூர்ச்சை' என்று தொடங்குவதற்கு முன் என் எதிர்ப்பைப் பதிந்துவிடுகிறேன். வடசொல், வேண்டா.

மயக்கம் நம்முடையதுதான், ஆனால் தேய்ந்துவிட்டது. மை, மயல், மால், மருள், மாலை எல்லாம் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. மை என்றால் கருமை. கண் இருண்டு விழுவதால்தான் மயங்கினான் என்றார்கள். ஆங்கிலேயன் 'பிளாக் அவுட்' என்று கறுப்பை வைத்துச் சொன்னதை நாம் அவனுக்கு முன்பே சொல்லியிருக்கிறோம். ஆயினும் இன்று அந்தச் சொல் எதற்கும் வழங்குவதால் 'நினைவறுகை' என்று புதிதாக ஆக்கலாம். அறுதல் என்பதில் புலவர் ஐயா விரும்பும் வெட்டும் இருக்கிறது.

பி.கு. ரத்தம் என்று எழுதாதீர்கள். ரகரம் மொழிக்கு முதலில் வராது. குருதி.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் (செவ்வாய் இரவு)

மாலையையும் மாலையும் ஒரே கயிற்றில் கட்டுவதற்குச் சான்று வேண்டும், நண்பரே. தொல்காப்பியத்தில் மயங்குதல் என்றால் கலத்தல். வேற்றுமை மயங்கியல் என்றே ஓர் இயல் இருக்கிறது. மெய்ம்மயக்கம், திணைமயக்கம் எல்லாம் அதே வழி. அங்கே யாருக்கும் கண் இருளவில்லை. குறள் 360இல் காமம், வெகுளியோடு வரும் மயக்கமோ அறியாமை.

விழுந்தவனைத்தான் பார்க்கவேண்டும் என்றால் வழக்குரை காதைக்கு வாருங்கள். 'மன்னவன் மயங்கி வீழ்ந்தனனே.' பாண்டியன் எழுந்தானா? தானாகத் தெளிவதற்கு அந்தச் சொல் எப்படிப் பொருந்தும்? இடைக்குறையே சரி.

இரத்தம் என்று இகரம் சேர்த்தால் போதும்.


இதய மருத்துவர், சென்னை (புதன் காலை)

பாண்டியனுக்கு வந்தது சின்கோபி இல்லை, திடீர் இதய நிறுத்தம் என்றுதான் இந்தத் தகவலை வைத்துச் சொல்லமுடியும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முதல் சில வினாடிகளில் இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். மூச்சு இயல்பாக இருக்கிறதா என்று பார்த்தால்தான் தெரியும். இல்லையென்றால் 108ஐ அழைத்துவிட்டு நெஞ்சை அழுத்தத் தொடங்கவேண்டும். இது அத்தியாயத்தின் முதல் வரியில் இருக்கட்டும்.

சொல்லுக்கு வருகிறேன். மூளைக்குப் போகும் ரத்தம் (மன்னிக்கவும், குருதி) ஆறிலிருந்து எட்டு வினாடி நின்றாலே நினைவு போய்விடும். மோட்டார் அழுத்தம் குறைந்தால் மாடிக் குழாயில்தான் முதலில் தண்ணீர் நிற்கும் இல்லையா, அப்படி. அழுத்தம் குறையக் காரணம் மூன்று வகை.

பள்ளியில் பார்ப்பது பெரும்பாலும் முதல் வகை. வெயிலில் நெடுநேரம் நிற்பது, ஊசியைப் பார்ப்பது, ரத்தத்தைப் பார்ப்பது, கடும் வலி, பயம். வேகஸ் நரம்பு இதயத்தை மெதுவாக்குகிறது, கால் ரத்தக் குழாய்கள் தளர்கின்றன, ரத்தம் கீழே தங்கிவிடுகிறது. 1932இல் தாமஸ் லூயிஸ் எழுதிய கட்டுரையிலேயே இதற்கு வேசோவேகல் என்ற பெயர் இருக்கிறது. இரண்டாவது, எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குவது. நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அப்படிச் சொல்வோம். நீர் வற்றியவர்கள், பி.பி. மாத்திரை சாப்பிடும் பெரியவர்கள். மூன்றாவது இதயத்திலிருந்தே வருவது. துடிப்பு தாறுமாறாவது, வால்வு அடைப்பு. ஆளைக் கொல்வது இதுதான்.

அதனால் நான் கேட்பது ஒன்றே. வரும் சொல் 'இது சும்மா' என்று சொல்லிவிடக்கூடாது. ஓடும்போது விழுந்த பிள்ளை, படுத்திருக்கும்போதே நினைவு போன பிள்ளை, விழுவதற்கு முன் நெஞ்சு வலித்த அல்லது படபடத்த பிள்ளை, வீட்டில் சிறு வயதில் யாரோ திடீரென்று இறந்த பிள்ளை. இவர்கள் ஒரு நிமிடத்தில் எழுந்து சிரித்தாலும் அன்றே ஈசிஜி எடுக்கவேண்டும்.


தனித்தமிழ் அன்பர், சேலம் (புதன் மதியம்)

வேகஸ் என்பது இலத்தீனில் அலைவது. 'அலைநரம்பு' என்க. அலை, அலைவு, அலைச்சல்...


குழு நடத்துநர் (புதன் மதியம்)

நண்பர்களே, வேகஸுக்கும் குருதிக்கும் தனித்தனி இழை தொடங்குங்கள். இங்கே சின்கோபி மட்டும். இதுவரை வந்தவை: நினைவிடைக்குறை, நினைவறுகை, மயங்கி விழுதல். தனிமடலில் ஒருவர் 'குறுமயக்கம்' என்கிறார், இன்னொருவர் 'திடீர் மயக்கம்' என்கிறார்.


இதய மருத்துவர், சென்னை (புதன் மாலை)

'குறு' வேண்டாம். மேலே சொன்ன அதே காரணம். இதயத்திலிருந்து வருவதும் குறுகியதுதான், ஆனால் படிப்பவருக்குக் 'குட்டி மயக்கம், தண்ணி தெளிச்சா போயிடும்' என்று கேட்கும்.

'திடீர்' இன்னும் மோசம். வேசோவேகல் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். வியர்க்கும், குமட்டும், முகம் வெளுக்கும், கண் இருட்டும், காது அடைக்கும். அந்த நேரத்தில் காலைக் குறுக்காக வைத்து இறுக்கினாலோ, கையை இறுக மூடினாலோ, குந்தி உட்கார்ந்தாலோ பல பேர் விழாமலே தப்பிக்கலாம். எந்த அறிகுறியும் இல்லாமல் வருவதைத்தான் நாங்கள் சந்தேகிப்போம். எல்லாவற்றையும் திடீர் என்றால் அந்த வித்தியாசம் போய்விடும்.


மருத்துவ ஆசிரியர், யாழ்ப்பாணம் (புதன் இரவு)

வணக்கம். மானிப்பாயில் டாக்டர் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பித்தவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கியவர். அந்த மண்ணிலிருந்து எழுதுவதால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். இங்கே நாங்களும் 'மயங்கி விழுந்திட்டார்' என்றுதான் கேட்கிறோம். மயங்கி விழுதல் எங்கள் பக்கத்திலும் விளங்கும். நினைவறுகை விளங்காது. 'நினைவிழப்பு' என்று போட்டாலே பேரப்பிள்ளைகள் தாத்தாவின் மறதி வருத்தம் (நோய்) என்று நினைக்கிறார்கள். நினைவுக்கு இரண்டு வேலை, அதுதான் சிக்கல்.

வலிப்போடு குழப்பம் பற்றி யாரும் எழுதவில்லை. மயங்கி விழுந்தவரின் கையும் காலும் சில வினாடி வெட்டி இழுக்கலாம். அதைக் கண்டதும் வலிப்பு என்று திறப்பைக் (சாவியைக்) கையில் வைக்கிறார்கள். திறப்பு இரண்டுக்குமே உதவாது. மயங்கியவர் வெளுத்திருப்பார், கெதியாகத் தெளிந்து எங்கே இருக்கிறேன் என்று சொல்லுவார். வலிப்புக்குப் பிறகு பல நிமிடம் குழம்பியிருப்பார். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டிருந்தால் வலிப்பென்று நினைக்க இடமுண்டு. சிறுநீர் போனதை வைத்து முடிவு கட்டக்கூடாது, இரண்டிலும் போகலாம்.

இங்கேயும் கையேட்டை வாசிப்பார்கள். அம்புலன்ஸ் எண் எங்களுக்கு 1990 என்பதையும் போடுங்கள்.


தனித்தமிழ் அன்பர், சேலம் (வியாழன் காலை)

மருத்துவர்கள் மூவரும் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். புரிகிறது என்பதற்காக இருசொல் தொடரைக் கலைச்சொல் என்பது சோம்பல். தொலைக்காட்சி என்றபோது யாருக்குப் புரிந்தது? மயங்கி விழுதல் என்பதைப் பெயரடை ஆக்கிப் பாருங்கள். 'மயங்கி விழுதல்சார் இதயத்துடிப்பு'? நாக்கு சுளுக்கும். 'அறுகைசார்' என்றால் முடிந்தது.


செவிலியர் கல்லூரிப் பயிற்றுநர், மதுரை (வியாழன் மதியம்)

நான் மருத்துவர் இல்லை, ஐயா, செவிலியர். ஆறாம் வகுப்பு டீச்சருக்குப் பெயரடை தேவைப்படாது. மருத்துவப் பாடநூல் எழுதும்போது அறுகையைப் பேசுவோம், அப்போது நானே முன்மொழிகிறேன்.

ஒரு குறை மட்டும் சொல்லவேண்டும். எல்லாரும் விழுவதில்லை. ரத்தம் எடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிடும். ஆனாலும் 'விழுதல்' இருந்தால் ஆசிரியருக்கு எந்தக் காட்சி என்று உடனே தெரியும். என் ஓட்டு அதற்கே.


மொழிபெயர்ப்பாளர், கோவை (வியாழன் இரவு)

அனைவருக்கும் நன்றி. பதிப்பாசிரியர் இரண்டு முறை அழைத்துவிட்டார். தலைப்பு 'மயங்கி விழுதல்'. தலைசுற்றலை எங்கும் தலைசுற்றல் என்றே எழுதிவிட்டேன், சர்க்கரை குறைந்து கிடப்பதை 'சுயநினைவில்லாத நிலை' என்று பிரித்தேன். மூச்சு பார்ப்பது முதல் வரியில். 108, 1990 இரண்டும் உண்டு. ரத்தம் ரத்தமாகவே இருக்கிறது. சேலத்து ஐயா மன்னிக்கவேண்டும்.

மாதிரிப் பக்கத்தை இணைத்திருக்கிறேன்.


இதய மருத்துவர், சென்னை (வியாழன் நள்ளிரவு)

சொல் சரி. படம் தப்பு. இரண்டு பேர் பையனைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து சோடா கொடுக்கிறார்கள். நிமிர்த்தி வைத்தால் மூளைக்கு ரத்தம் இன்னும் குறையும், நினைவு முழுதாக வராதவன் வாயில் எதை ஊற்றினாலும் புரையேறும். தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, பெல்ட்டையும் சட்டைப் பொத்தானையும் தளர்த்தி, கூட்டத்தை விலக்குவதாக வரையச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் தெளியவில்லை என்றால் ஆம்புலன்ஸ். தெளிந்தாலும் உடனே எழுப்பவேண்டாம். சிறிது நேரம் படுத்து, பிறகு உட்கார்ந்து, பிறகுதான் நிற்கவேண்டும்.


மொழிபெயர்ப்பாளர், கோவை (வெள்ளி காலை)

ஓவியரை எழுப்பிவிட்டேன். பத்து மணிக்குள் புதுப் படம் வரும்.


ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர் (வெள்ளி காலை)

மகிழ்ச்சி. பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கையேட்டின் கடைசியில் சொல்லடைவு இருக்குமானால் இடைக்குறைக்கு அதில் ஓரிடம் கிடைக்குமா?


தனித்தமிழ் அன்பர், சேலம் (வெள்ளி காலை)

அவருக்கு இடம் கொடுத்தால் எனக்கும் வேண்டும்.