அகிலன் பரீட்சைக்கு ஸ்க்ரைப்: எங்க வீட்டு குரூப்

கலா: அகிலனுக்கு அடுத்த மாசம் செமஸ்டர். யுடிஐடி கார்டுல, அதான் மாற்றுத்திறனாளி அட்டைல, குறைப்பார்வை 60%னு இருக்கு. அதைக் காட்டினாலே ஸ்க்ரைப், அவன் சொல்லச் சொல்ல எழுதுற ஆள், குடுத்துடுவாங்கதானேக்கா?

பானு: பத்தாது கலா. எல்லாரும் இங்கதான் மாட்டிக்கிறாங்க. 2018 மத்திய அரசு வழிகாட்டுதல்ல (2025ல புதுசு வந்திருக்கு, எது செல்லும்னு காலேஜ்ல கேட்டுக்கோ), முழுப் பார்வையின்மை, ரெண்டு கையும் பாதிப்பு, பெருமூளை வாதம், இந்த மூணுக்கு மட்டும்தான் கேட்டாலே ஸ்க்ரைப். குறைப்பார்வைக்கு, எழுதுறதுல சிரமம், ஸ்க்ரைப் அவசியம்னு தனிச் சான்று வேணும். அந்த வழிகாட்டுதலோட பின்னிணைப்பு 1 படிவம். ஜிஎச், அதான் அரசு ஆஸ்பத்திரி, சூப்பரின்டென்டன்ட் கையெழுத்து, சீல். பிரைவேட் டாக்டர் லெட்டரோட போய் நிக்காத.

செல்வம்: ஆளுக்கென்ன, நம்ம வித்யா பி.காம் முடிச்சுட்டு சும்மாதானே இருக்கா?

பானு: ஆக மாட்டாடா தம்பி. அந்த 2018 விதிப்படி நாம ஆள் கூட்டிட்டுப் போனா, அவங்க படிப்பு பரீட்சை எழுதுறவங்களைவிட ஒரு படி கீழ இருக்கணும். பத்தாவதுக்குக் குறையவும் கூடாது. ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளையாப் பாரு. உறுதிமொழி பின்னிணைப்பு 2. யூனிவர்சிட்டி தனிப் படிவம் வெச்சிருந்தா அதையும் சேர்த்துக் குடுத்துடு.

கலா: நேரம்?

பானு: மணிக்கு 20 நிமிஷம் கூடுதல். 3 மணி நேர பேப்பர்னா 4 மணி நேரம். ஸ்க்ரைப் வேணாம்னாலும் அந்த ஒரு மணி கேக்கலாம். காலேஜே ஸ்க்ரைப் குடுத்தா, ரெண்டு நாள் முன்னாடியே பாத்துப் பேச விடணும்.

கலா: எகனாமிக்ஸ்ல கிராஃப் வருதேக்கா.

பானு: படம் பாத்து எழுதுற கேள்விக்கு மாற்றுக் கேள்வி இப்பவே எழுதிக் கேளு, ஹால்ல கேட்டா நடக்காது. கிடைக்கலைன்னா சொல்லி வரைய வைக்கணும்: "படுக்கை அச்சு அளவு, நிக்கிற அச்சு விலை, கோடு இடது மேலிருந்து வலது கீழ, பேரு டி." வீட்ல பத்து தடவை சொல்லிப் பழகட்டும்.

மணி: சித்தி, டிபார்ட்மென்ட் நோட்ஸை என்விடிஏ, அதான் திரையைப் படிச்சுக் காட்டுற சாஃப்ட்வேர், ஒழுங்காப் படிக்குதா? ஒரு வரியை காப்பி பண்ணி இங்க பேஸ்ட் பண்ணிப் பாருங்க. தமிழாவே வந்தா யூனிகோட், பயமில்ல. இங்கிலீஷ் எழுத்தா வந்தா பாமினி மாதிரி பழைய ஃபான்ட். கண்ணுக்கு "அம்மா"ன்னு தெரியும், என்விடிஏ "எம் கே செமிகோலன் கே எச்"னு படிக்கும். கன்வெர்ட்டர்ல போட்டு மாத்தணும். வரியே செலக்ட் ஆகலைன்னா ஸ்கேன். கூகுள் டிரைவ்ல ஏத்தி, டாக்ஸ்ல திறந்தா எழுத்தாயிடும். பக்கத்துப் பக்கமா ரெண்டு பத்தி இருக்கிற பக்கத்தை மட்டும் வெட்டிப் போடுங்க, இல்லைன்னா இடதும் வலதும் கலந்துடும்.

கலா: மூணாவது யூனிட் மட்டும் எம் கேன்னு வருதுடா மணி. மத்ததெல்லாம் தமிழ்தான்.