உண்மையைச் சொல்லும்போதும் என் முகத்தை ஏன் நம்ப மறுக்கிறார்கள்?

கேள்வி (தண்டையார்பேட்டை வாசகி):
வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு புடவைக் கடையில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். "சாயம் போகுமா?" என்று கேட்பவர்களிடம், அந்த ரகத்தை நானே வீட்டில் துவைத்துப் பார்த்திருந்தால் மட்டுமே "போகாது" என்பேன்; ஆனால் யோசித்துப் பதில் சொல்லும்போது என் புருவம் நெரிந்து, பார்வை தரைக்குப் போய்விடுகிறது. சென்ற வாரம் ஓர் அம்மா என் முகத்தையே ஒரு கணம் பார்த்துவிட்டு, விரலை நனைத்து முந்தானை ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தார். பக்கத்தில் நிற்கும் தம்பியோ எதைக் கேட்டாலும் சிரித்தபடி "கேரண்டி அக்கா" என்கிறார். அவரை உடனே நம்புகிறார்கள். நானும் சிரித்துப் பழக வேண்டுமா?

பதில் 1 (ராயபுரம், உளவியல் ஆசிரியர்):
அம்மா, உங்கள்மீது தவறில்லை. பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்ற எண்ணம் உலகெங்கும் இருப்பதை, 58 நாடுகளில் நடந்து 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. உண்மையில், கடினமாக யோசிக்கும் எவருக்குமே பார்வை விலகத்தான் செய்யும். அதே ஆண்டு வில்லிஸ், டோடரோவ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும், அறிமுகமில்லாத முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் பார்த்தாலே அது நம்பத்தக்கதா என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது என்று கண்டார்கள். ஆனால் எதிராளி சொல்வது பொய்யா மெய்யா என்று கணிப்பதில் மனிதர்கள் சராசரியாக 54 விழுக்காடுதான் சரியாக இருக்கிறார்கள்; காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல், அவ்வளவுதான். அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று நாம் சொல்லிச் சொல்லி, எத்தனை நேர்மையானவர்களைச் சந்தேகித்திருப்போம் என்று எண்ணும்போது வருத்தமாக இருக்கிறது.

பதில் 2 (காசிமேடு):
சிரித்துப் பழகாதீர்கள், தங்கச்சி. உதடு மட்டும் விரிந்து கண்ணோரம் சுருங்காத சிரிப்பைப் பலர் கண்டுகொள்வார்கள். மகிழ்ச்சியில் கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து இயங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இலேயே எழுதியிருக்கிறார். நான் வழக்கமாக வஞ்சிரம் வாங்கும் அக்காவின் முகத்தில் சிரிப்பையே பார்க்க முடியாது, "நல்ல மீனா?" என்று கேட்டால், வாய் திறக்காமல் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டிவிட்டு, நேராக நம் கண்ணைப் பார்ப்பார். நீங்களும் தரையைப் பார்த்து யோசிப்பதை யோசியுங்கள், ஆனால் "போகாது" என்ற சொல் வாயில் வரும்போது மட்டும் நிமிர்ந்து அவர்களைப் பாருங்கள்.

கேட்டவர்:
நன்றி அண்ணா, ஐயாவுக்கும் நன்றி. "ஒரு நிமிடம், நான் துவைத்த ரகமா என்று நினைவுபடுத்திப் பார்க்கிறேன்" என்று இன்று முதலிலேயே சொல்லிவிட்டு யோசித்தேன். எதிரே இருந்தவர் என் புருவத்தைப் பார்த்து முகம் சுளிக்காமல் காத்திருந்தார். நாளை முதல் ஈரமான வெள்ளைக் கைக்குட்டை ஒன்றையும் மேசையில் வைக்கப்போகிறேன், முந்தானையைத் தேய்த்து நானே காட்டிவிடலாம்.