ஜெர்மனி: ஐந்தே ஆண்டில் குடியுரிமை, போதுமா?

செம்பருத்தி:
1961-ல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் சேர்ப்பு ஒப்பந்தம் போட்டபோது, இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புதியவருக்கு முதலிலிருந்து கற்றுத்தருவது தொழிற்சாலைகளுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1964-ல் அந்த வரம்பு போனது. 1973-ல் ஆள் எடுப்பதையே நிறுத்தினார்கள். போனால் திரும்ப வர முடியாதே என்று இருந்தவர்கள் குடும்பத்தையும் வரவழைத்துத் தங்கிவிட்டார்கள். அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கு, அதுவும் பெற்றோரில் ஒருவர் எட்டு ஆண்டு வாழ்ந்திருந்தால், பிறப்பிலேயே குடியுரிமை 2000-ல்தான் வந்தது. 2024 ஜூனில் குடியுரிமைக்கான காலம் எட்டிலிருந்து ஐந்தாண்டாகக் குறைந்தது. பழைய குடியுரிமையையும் விட வேண்டாம். பெரிய மாற்றம் இது.

வடகரை:
சட்டம் மாறியது சரி. இந்தியாவிலிருந்து போகும் செவிலியர் நிலையைப் பாருங்கள் சகோ. ஜெர்மன் மொழியில் பி2 நிலை முடித்து, தொழில் தகுதியை அங்கீகரிக்கும் மாநில அலுவலகத்துக்கு ஆவணங்களை அனுப்பினால், இந்தப் பாடம் குறைகிறது, அந்தப் பயிற்சி குறைகிறது என்று பதில் வரும். பிறகு இணைப்புப் பயிற்சி அல்லது திறனறித் தேர்வு. அதுவரை உதவியாளர் வேலைதான். பலர் சறுக்குவது ஒரே இடத்தில்: மதிப்பெண் பட்டியலை மட்டும் மொழிபெயர்த்து அனுப்புகிறார்கள். பாடவாரியாக எத்தனை மணி நேரம் வகுப்பு, எத்தனை மணி நேரம் வார்டு என்று கல்லூரி முத்திரையோடு சான்று வேண்டும். இரட்டைக் குடியுரிமையும் இந்தியர்களுக்குக் கிடையாது, வாழ்நாள் விசா போன்ற ஓசிஐ அட்டை மட்டும்தான்.

செம்பருத்தி:
அது டெல்லியின் சட்டம், பெர்லினைக் குறை சொல்லிப் பயனில்லை. குடியுரிமைக்குத் தொழில் அங்கீகாரம் நிபந்தனையும் அல்ல. பி1 மொழித்தகுதி, குடியுரிமைத் தேர்வில் 33 கேள்வியில் 17 சரி, சொந்த வருமானம் ஆகியவையே முக்கியம். 1974 ஜூன் முடிவதற்குள் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு அந்தத் தேர்வும் இல்லை. அன்றாடம் பேசிச் சமாளித்தால் போதும்.

வடகரை:
அந்தச் சலுகை வந்ததும் 2024-ல்தானே? இருபது வயதில் வந்தவருக்கு அப்போது குறைந்தது எழுபது. 600 மணி நேர மொழி வகுப்பு 2005-க்குப் பிறகு வந்தவர்களுக்குக் கிடைத்தது. அன்று ஒப்பந்தத்தில் வந்து சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு யார் நடத்தினார்கள்? இன்னொன்று: சிறப்பாக ஒன்றியவர்களுக்கு மூன்றே ஆண்டு என்ற வழியை 2024-ல் திறந்து 2025 அக்டோபரில் மூடிவிட்டார்கள். அதை நம்பி பி2-க்கும் மேலான சி1 மொழிநிலை படித்தவர்கள் மறுபடி ஐந்தாண்டு வரிசையில் நிற்கிறார்கள்.

பாலாறு:
வரிசையில் நிற்பவர்களுக்கு ஒன்று. விண்ணப்பம் போட்டு மூன்று மாதமாகியும் தக்க காரணமின்றி முடிவு வராவிட்டால் நிர்வாக நீதிமன்றம் போகலாம். ஆனால் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், ஓய்வூதியக் காப்பீட்டு விவரம் என்று ஏதாவது ஒரு தாள் விடுபட்டிருந்தால், தாமதத்துக்கு அதையே காரணமாகக் காட்டுவார்கள். முழுக் கோப்பையும் கொடுத்துவிட்டு, பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.