வஜெலோஸ் கட்டடத்துப் படிக்கட்டு வெறும் பந்தாவா?

கோணல்மானி:
ஆர்க்கிடெக்சர் நாலாம் வருடம். கேஸ் ஸ்டடிக்கு நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வஜெலோஸ் கல்வி மையத்தை எடுத்திருக்கிறேன். 2016இல் திறந்த 14 மாடி மருத்துவக் கல்விக் கட்டடம், டில்லர் ஸ்கோஃபிடியோ + ரென்ஃப்ரோ என்ற கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்தது. தெற்கு முகத்தில் கீழிருந்து உச்சி வரை படிக்கட்டு நெளிந்துகொண்டே போகும், அதற்கு 'ஸ்டடி கேஸ்கேட்' (படிப்பு அருவி) என்று பெயர் வேறு. செக்‌ஷன் (கட்டடத்தை நெடுக வெட்டிக் காட்டும் படம்) வரைய உட்கார்ந்தால் ஒரு தளம் இன்னொன்றோடு ஒத்துவரமாட்டேன் என்கிறது, மூன்று நாளாக அழித்து அழித்து வரைகிறேன். ரெவ்யூவில் சார் "போட்டோவுக்காகக் கட்டினது" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அப்படியா?

செங்கல்சூளை:
ஒரே கட்டடமாகப் பார்ப்பதால்தான் குழப்பம், தம்பி. வடக்குப் பாதியை முதலில் தனியாக வரையுங்கள்: வகுப்பறை, அனாட்டமி, சிமுலேஷன் (சிகிச்சை பழகும்) அறைகள், எல்லாம் சாதாரணமாக ஒன்றின்மேல் ஒன்று. அப்புறம் தெற்கு. மொத்தமே சுமார் 1,00,000 சதுர அடி, 14ஆல் வகுத்தால் தளத்துக்கு ஏழாயிரம் சொச்சம்தான், அதில் பையன்கள் கூடுகிற முற்றத்தை எங்கே விரிப்பது? நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். படி என்று நினைக்காமல் செங்குத்தான முற்றம் என்று நினைத்து வரையுங்கள்.

எலும்புசெட்:
நான் டாக்டர், கட்டடக்கலை தெரியாது. ஆனால் நான் படித்த காலேஜில் அனாட்டமி ஹாலை விட்டு வெளியே வந்தால் உட்கார ஒரு பெஞ்ச் கிடையாது. தொடையெலும்பை மடியில் வைத்துக்கொண்டு லிஃப்ட் பக்கத்துத் தரையில் ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்து படிப்போம், கதவு திறக்கும்போதெல்லாம் யாராவது காலை மிதிப்பார்கள். அந்த ஐந்து பேருக்கு மாடிக்கு மாடி ஒரு மூலை கிடைக்கிறது என்றால் பந்தாவாகவே இருக்கட்டுமே!

செங்கல்சூளை:
டாக்டர் சொன்னதுதான் விஷயம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், தம்பி: இப்படித் திறந்த படியைத் தீ வெளியேற்றக் கணக்கில் சேர்க்க முடியாது, அதற்குச் சுவர் அடைத்த படி தனியாக வேண்டும். உங்கள் சார் அடுத்து அதைத்தான் கேட்பார். கண்ணாடியையும் வெறுமனே விடாதீர்கள், வெயிலை மட்டுப்படுத்த அதில் செராமிக் ஃப்ரிட் (கண்ணாடியோடு சுட்டு ஒட்டவைக்கும் பீங்கான் பூச்சு) அச்சிட்டிருக்கிறார்கள், எலிவேஷனில் (வெளிமுகப் படத்தில்) காட்டுங்கள்.

கோணல்மானி:
நன்றி அண்ணா, நன்றி டாக்டர். வடக்குப் பாதி ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தெற்கில் ஒன்பதாம் மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன்.